அரை மணியில் வேலை செய்தால் அது மூலிகை இல்லை!

கீழ்பென்னாத்தூரில் என் கிளினிக்கில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லா நோயாளிகளும் போன பிறகு, வெளி பெஞ்சில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். “உள்ளே வாங்களேன்” என்று கூப்பிட்டால், “மத்தவங்க எல்லாம் போகட்டும் சார்” என்பார். உள்ளே வந்ததும் கதவைப் பார்ப்பார். மருந்து மடிக்கிற பையனைப் பார்ப்பார். நான் பையனை டீ வாங்கி வர அனுப்பி விடுவேன். முப்பது வருஷ அனுபவம்... அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே விஷயம் என்ன என்று எனக்குப் புரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி வந்தவர், பக்கத்து ஊரில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வயது 54. பேர் வேண்டாமே! சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழுப்பு நிறத் தூள்.

“சார், இந்த மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா சாப்பிட்டா தலை பிளக்குது. மூஞ்சி எல்லாம் தீயா எரியுது. முந்தாநாள் டியூப்லைட்டைப் பார்த்தா நீலமாத் தெரியுது. நீங்களும் சித்த வைத்தியர்தானே... இதுக்கு ஏதாச்சும் முறிவு குடுங்க.”

“சாப்பிட்டா எவ்வளவு நேரத்துல வேலை செய்யுது?” என்று கேட்டேன்.

“அரை மணி... முக்கால் மணி. அதுக்குள்ள தெரிஞ்சிடும் சார்” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். “நெஞ்சு வலிக்கு மாத்திரை ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

இன்னொரு பையில் கையை விட்டார். “இருக்கு சார். நாக்குக்கு அடியில வைக்கிறது. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இது வரைக்கும் ரெண்டு தரம்தான் வெச்சிருக்கேன்.”

ஒரு பையில் அந்தப் பொட்டலம். மறு பையில் இந்த மாத்திரை. இரண்டும் ஒரே ராத்திரியில் வயிற்றுக்குள் போயிருந்தால் இவர் என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்க மாட்டார். இது இவருக்கும் தெரியாது. இவர் மனைவிக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கூச்சமான விஷயத்தை ஒரு குடும்பப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதத் துணிந்தேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். தாய்மார்கள் பக்கத்தைத் திருப்பாமல் அவசியம் படிக்க வேண்டும்.

பொட்டலத்தில் இருந்தது என்ன?

உறையில் ‘நூறு சதவிகிதம் மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று அச்சடித்திருந்தது. அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில், சாதிக்காய் என்று வரிசையாகப் பேர்கள். தயாரித்தவர் விலாசம் இல்லை. லைசென்ஸ் நம்பர் இல்லை. ஊர் ஊராகத் தேதி போட்டு லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் வாங்கியதாம்.

இந்த மூலிகைகளோடு எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இவற்றின் வேரையும் விதையையும் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தோம். இவை எல்லாம் உடம்பைத் தேற்றுகிற சரக்குகள். தூக்கம் சரியாகும், அசதி குறையும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வரும். ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வது அதனால்தான். அரை மணியில் வேலை செய்கிற அமுக்கராவை நான் பார்த்ததில்லை. என் ஆசிரியர்களும் பார்த்ததில்லை.

ஆனால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை செய்கிற மருந்து ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதன் பேர் சில்டனாஃபில். வயாகரா என்றால் எல்லோருக்கும் தெரியும். தலைவலி, முகம் சிவந்து எரிவது, வெளிச்சத்தில் நீலச் சாயல்... மண்டிக்காரர் சொன்ன மூன்றும் அந்த மருந்தின் பாடப் புத்தக அறிகுறிகள். பொட்டலத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிற வசதி என்னிடம் இல்லை. ஆனால் அந்தத் தூளில் யாரோ மாத்திரையை இடித்துக் கலந்திருக்கிறார்கள் என்பதில் என் மனசுக்குச் சந்தேகமே இல்லை.

நெஞ்சு வலிக்குப் பிறந்த மருந்து

இந்த மருந்தின் கதை சுவாரசியமானது. 1989-ல் இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில், ஃபைசர் கம்பெனி விஞ்ஞானிகள் இதை உருவாக்கினார்கள். எதற்குத் தெரியுமா? நெஞ்சு வலிக்கு! 1990-களின் ஆரம்பத்தில் வேல்ஸ் நாட்டில் மெர்தர் டிட்வில் என்ற ஊரில் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நெஞ்சு வலிக்குப் பெரிய பிரயோஜனம் தெரியவில்லை. வேறொரு விளைவுதான் தெரிந்தது. அப்புறம் பாதை மாறி, 1998 மார்ச் 27-ம் தேதி அமெரிக்க அரசு இதை ஆண்மைக் குறைவுக்கான மருந்தாக அங்கீகரித்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் பிற்பாடு குறைந்த விலையில் தயாரிக்க ஆரம்பித்தன.

இது எப்படி வேலை செய்கிறது? ஏரி மதகை நினைத்துக் கொள்ளுங்கள். உடம்பில் ரத்தக் குழாயைத் தளர்த்தி, மதகைத் திறந்து விடுகிற ஒரு பொருள் சுரக்கிறது. அதன் பேர் நைட்ரிக் ஆக்ஸைடு. (இதன் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு அதே 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.) கொஞ்ச நேரம் கழித்து மதகை இழுத்து மூட ஒரு நொதி வரும். சில்டனாஃபில் அந்த நொதியின் கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. மதகு திறந்தே இருக்கிறது. ரத்தம் பாய்கிறது. அவ்வளவுதான்.

இப்போது மண்டிக்காரரின் இரண்டாவது பைக்கு வாருங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் அதே மதகைத்தான் திறக்கிறது. ஒன்று திறந்து விடுகிறது, இன்னொன்று மூடவிடாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஏரி முழுக்க ஒரே நேரத்தில் வடிந்த மாதிரி ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் போகாது. சில்டனாஃபில் சாப்பிட்டால் குறைந்தது 24 மணி நேரத்துக்கும், டடாலாஃபில் என்ற இன்னொரு வகை சாப்பிட்டால் குறைந்தது 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் மருந்து எடுக்கவே கூடாது என்பது விதி. நைட்ரேட் வைத்திருக்கிற நோயாளிக்கு இந்த வகை மருந்துகளையே கொடுக்கக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் முதல் கேள்வியே, “நெஞ்சு வலி உண்டா?” என்பதாகத்தான் இருக்கும். லாட்ஜ் வைத்தியர் கேட்கவில்லை. பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

எலியின் ஈரல் சொன்னது என்ன?

இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு வரை, இந்த மருந்தைப் பற்றி யார் கேட்டாலும், “ஐயோ, எலிக்குக் கொடுத்துப் பார்த்து ஈரலே கெட்டுப் போச்சாம். பேசாம நம்ம லேகியத்தைச் சாப்பிடுங்க” என்று சொல்லி வந்தேன். எங்கோ படித்த அரைகுறைச் செய்தி. என் லேகியத்துக்கு அது நல்ல விளம்பரம்! எங்கள் ஆட்களில் பலர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிற்பாடுதான் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். வெட்கமாகப் போயிற்று.

மருந்தை மனுஷனுக்குக் கொடுப்பதற்கு முன் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சில்டனாஃபிலை எலிகளுக்கு 24 மாதம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் ஆயுசே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மனிதன் 100 மில்லிகிராம் சாப்பிட்டால் உடம்பில் எவ்வளவு மருந்து சேருமோ, அதைப்போல ஆண் எலியில் 29 மடங்கு, பெண் எலியில் 42 மடங்கு சேருகிற அளவுக்குக் கொடுத்தார்கள். புற்றுநோய் வரவில்லை. ஆனால் அதிக அளவு கொடுத்த எலிகளில் ஈரல் செல்கள் பருத்தன. தைராய்டு சுரப்பியும் பருத்தது. ஏன்? உள்ளே கொட்டுகிற மருந்தை உடைத்துத் தள்ள ஈரல் ஓவர்டைம் பார்க்கிறது. அப்படிப் பார்க்கும்போது தைராய்டு சுரப்பையும் சேர்த்து உடைத்து விடுகிறது. அதை ஈடுகட்டத் தைராய்டு வேகமாக உழைக்கிறது. இந்த விஷயத்தில் எலி நம்மைவிட ரொம்ப மென்மையான பிராணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நைஜீரியாவில் பெனின் பல்கலைக்கழகத்து உடற்கூறு ஆய்வாளர்கள் விஸ்டார் ரக எலிகளுக்கு நாள் தவறாமல் இந்த மருந்தைக் கொடுத்து, உறுப்புகளை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, திசுக்களில் சேதம் தெரிவதாக எழுதியிருக்கிறார்கள். சரி, மருந்து விஷம்தான் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படாதீர்கள். 2005-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள், புற்றுநோய் மருந்து ஒன்றினால் இதயம் கெடுகிற சுண்டெலிகளுக்கு இதே சில்டனாஃபிலைக் கொடுத்தார்கள். இதயச் சேதம் குறைந்தது! அதே வருஷம், நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிற கொடிய நோய்க்கு இதே மருந்தை 20 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

ஒரு இடத்தில் கெடுக்கிறது, இன்னொரு இடத்தில் காக்கிறது. எது நிஜம்? இரண்டுமே நிஜம்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதை எலி நிரூபித்துக் காட்டுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. எலி சின்னப் பிராணி. அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் எரித்து விடும். அதனால் கிலோவுக்கு இவ்வளவு என்று பார்க்கும்போது, எலிக்குக் கொடுக்கிற ஆறு பங்கு மனிதனுக்கு ஒரு பங்குக்குச் சமம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பின்பற்றுகிற சராசரிக் கணக்கு. 60 கிலோ ஆள் 100 மில்லிகிராம் சாப்பிடுவது, எலிக்குக் கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கொடுப்பதற்குச் சமம். ஆகவே, ‘எலிக்கு ஈரல் கெட்டது’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள்? எத்தனை நாள் கொடுத்தார்கள்? அப்போது அதன் உடம்பு எப்படி இருந்தது?

மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியம். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற வேலை பெரும்பாலும் ஈரலுடையது. குடித்துக் குடித்து ஈரல் சுருங்கியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ரத்தத்தில் மருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தேங்குகிறது. அதனால்தான் அவர்களுக்கும், 65 வயது தாண்டியவர்களுக்கும் 25 மில்லிகிராமில் ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமாக 50. எவ்வளவு போனாலும் 100-க்கு மேல் இல்லை. நாளைக்கு ஒரு தடவைக்கு மேலும் இல்லை.

மல்லாட்டை மண்டிக்காரர் ஒரு சிட்டிகைத் தூளில் எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டார்? யாருக்கும் தெரியாது. கலந்தவருக்கே தெரியாது! ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகையில் இரண்டு மாத்திரை அளவு இருக்கும். யோசித்துப் பாருங்கள். சோதனைக்கூடத்து எலியை எடை போட்டார்கள். மருந்தை அளந்தார்கள். தினமும் எப்படி இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். அந்த எலிக்குக் கிடைத்த கவனம்கூட இந்த மனுஷருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டு அழுக்கும் எங்களுடையதுதான்

“என்ன டாக்டர், சித்த வைத்தியராக இருந்துகொண்டு இப்படி எழுதுகிறீர்களே!” என்று என் சக வைத்தியர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். ‘மூலிகை’ என்ற நல்ல பேரைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவர்களால் முதலில் கெடுவது எங்கள் பேர்தானே?

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை ‘சத்துப் பொருள்’ என்ற பேரில் விற்ற 776 சரக்குகளில் மறைத்துக் கலந்த மருந்துகளை அரசு கண்டுபிடித்தது. அதில் 353 சரக்குகள் ஆண்மைக்கு என்று விற்றவை. அவற்றில் அதிகம் கலந்திருந்தது நம் சில்டனாஃபில்தான்.

சிங்கப்பூரில் 2008-ல் நடந்தது இன்னும் பயங்கரம். ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் 150 பேர், சர்க்கரை வியாதியே இல்லாதவர்கள், ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். துருவிப் பார்த்தபோது, ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற சரக்குகளில் சர்க்கரையைக் குறைக்கிற கிளிபென்கிளமைடு என்ற மருந்து கலந்திருந்தது தெரிய வந்தது. 7 பேருக்கு நினைவு திரும்பவில்லை. அவர்களில் 4 பேர் இறந்தே போனார்கள். எந்த டப்பாவில் எந்த மாத்திரையைக் கொட்டினோம் என்றுகூடப் பார்க்காதவர்கள்தான் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

கலப்படம் இல்லாத சுத்த மூலிகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா? அதுவும் கூடாது. அமுக்கராவையே எடுத்துக்கொள்வோம். நான் தினமும் கொடுக்கிற சரக்கு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா மாத்திரை சாப்பிட்ட ஐந்து பேருக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததை 2020-ல் டாக்டர்கள் எழுதினார்கள். 2023-ல் டென்மார்க் அரசு அமுக்கராவைத் தடையே செய்தது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற சரக்கில் இது அபூர்வம்தான். ஆனால் ‘பக்கவிளைவே இல்லை’ என்ற வார்த்தையை அன்றோடு நான் விட்டுவிட்டேன். இப்போது ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அமுக்கரா கொடுப்பதில்லை.

செந்தூரம், பற்பம் விஷயமும் அப்படித்தான். 2004-ல் வெளியான ஆய்வின்படி, பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதிகமாக இருந்தது. எங்கள் நூல்கள் சுத்தி செய்யாத சரக்கைத் தொடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சுத்தி செய்ய நாள் பிடிக்கும், கூலி ஆகும். அவசரக்காரன் செய்வானா?

நல்ல செய்தியும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் மற்ற அரசுக் கல்லூரிகளிலும் மேல்படிப்புப் படிக்கிற பிள்ளைகள், நம் பழைய மருந்துகளையும் எலிக்குக் கொடுத்து, ஈரல் எப்படி இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஆய்வு எழுதுகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் இது இவ்வளவு கிடையாது. ‘ஆயிரம் வருஷமா சாப்பிடறாங்களே, அப்புறம் என்ன சோதனை?’ என்று நானே கேட்டவன். இப்போது கேட்பதில்லை. ஊரான் மருந்துக்கு எலிச் சோதனை வேண்டும், என் மருந்துக்கு வேண்டாம் என்றால் அது நியாயமா?

உடம்பு அடிக்கிற மணி

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறை உங்களுக்கு மட்டும் வந்ததாக நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40-லிருந்து 70 வயதுக்குட்பட்ட ஆண்களை விசாரித்து 1994-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்கு 52 பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் குறை இருந்தது. பாதிப் பேர்!

ஆனால் இதை வெறும் படுக்கையறைப் பிரச்னை என்று நினைப்பதுதான் ஆபத்து. ஆண் உறுப்புக்குப் போகிற ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் ரத்தக் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் எது முதலில் அடைபடும்? சின்னக் குழாய்தானே! அதனால் இந்தக் குறை பல பேருக்கு மாரடைப்பு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பே மணி அடித்துச் சொல்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை, குடி, மனக்கவலை, சில ரத்த அழுத்த மாத்திரைகள்... காரணம் எதுவாகவும் இருக்கலாம். பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவர் அந்த மணியின் நாக்கைக் கட்டி விடுகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற தீ அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு பயந்துகொண்டு வருகிற இளைஞர்களுக்கும் சொல்கிறேன். தம்பி, தூக்கத்தில் விந்து போவது வியாதி இல்லை. ‘சின்ன வயசுத் தப்பு’ என்று சொல்லிப் பயமுறுத்தித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. முதல் ராத்திரிப் பதற்றத்துக்கு மருந்து வேண்டாம். நாலு நாள் பொறுமை போதும். ஆண்மையைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே என்கிறீர்களா? நோட்டீஸ் இருக்கிறது என்பதாலேயே மருந்து நிஜம் ஆகிவிடாது.

எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பது?

மூலிகை என்று சொல்லித் தருகிற பொடியோ லேகியமோ, சாப்பிட்ட ஒரு மணிக்குள் ‘வேலை செய்தால்’ உடனே நிறுத்துங்கள். அது மூலிகை இல்லை. தலைவலி, முகச்சிவப்பு, மூக்கடைப்பு, நீலப் பார்வை இருந்தால் சந்தேகமே வேண்டாம். உறையில் தயாரிப்பாளர் விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தேதி எதுவும் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கவும் கூடாது. சில்டனாஃபில் டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. முறையான டாக்டர் பரிசோதித்து, உங்கள் உடம்புக்கு ஆகும் என்று எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடலாம். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.

சாப்பிட்ட பிறகு நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் மாத்திரை வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அங்கே டாக்டரிடம் வெட்கப்படாமல், ‘இன்ன நேரத்துக்கு இப்படி ஒரு மருந்து சாப்பிட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும். நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டாலும், திடீரென்று பார்வையோ காது கேட்பதோ மங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்மார்களே, துணி துவைக்கப் போடும்போது வீட்டுக்காரர் சட்டைப் பையில் பொட்டலம் கிடைத்தால் சண்டை போடாதீர்கள். ‘யாருக்காக இது?’ என்று சந்தேகப்படாதீர்கள். அநேகமாக உங்களுக்கு முன்னால் தலைகுனியக் கூடாதே என்றுதான் அந்த மனுஷர் அதை வாங்கியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, “வாங்க, ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள்.

மண்டிக்காரருக்கு நான் முறிவு எதுவும் கொடுக்கவில்லை. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மனைவியோடு போய் வரச் சொன்னேன். “அவளோடவா?” என்று தயங்கினார். “அவங்களோடதான்” என்றேன். போனார். சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இதயத்துக்கும் முறையாக வைத்தியம் ஆரம்பித்தார்கள். பீடியை விட்டுவிட்டார். காலையில் ஏரிக்கரையில் கணவனும் மனைவியுமாக நடக்கிறார்கள்.

போன வாரம் கிளினிக்குக்கு வந்தார். இந்தத் தடவை சாயந்தரம் ஆறு மணிக்கு, கூட்டத்தோடு கூட்டமாக. “பழைய விஷயம் எப்படி இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன். “பரவாயில்ல சார்... கொஞ்சம் முன்ன பின்ன இருக்கு. ஆனா மனசுல பயம் இல்ல” என்றார். கூட வந்திருந்த அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.